பாக்கியம் அக்கா எழுதிய அறிவித்தல்கள்

பாக்கியம் அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்ற செய்தி, வேலைக்குப் பெயர் கொடுக்க நாங்கள் கூடும் காலைப் பெரட்டுக்கு வந்தபோது, யாரும் உடனே அழவில்லை. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் பிளந்திருப்பதை முதலில் கண்டவர் அவர்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கத்துக்கு அறிவித்தல் எழுதியவர் அவர். நான் பிரதி எடுத்துக் கொடுப்பேன். அந்த வெடிப்பைப் பற்றி என்னையே எழுதச் சொன்னார். "அன்பார்ந்த பெருமக்களே, இயற்கையின் சீற்றத்தால் நேரக்கூடிய இன்னல்களை முன்னிட்டு" என்று தொடங்கினேன். கோயிலில் வாசித்தார்கள். கைதட்டல் எழுந்தது. மேல் லயத்து மாரியாயி அத்தை, "நல்லா இருக்குடி. கூட்டம் என்னைக்கு? சாப்பாடு உண்டா?" என்று கேட்டார்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்: "பீலியில தண்ணி பிடிக்கையில அத்தைகிட்ட எப்படிச் சொல்லுவ? அதையே எழுது. அவங்க அடுத்து என்ன கேப்பாங்களோ, அதுக்கும் பதில எழுதிடு."

அதைத் திருத்தி எழுதுவதற்குள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எங்களை வேலை வாங்கும் பெரிய கணக்கப்பிள்ளையோ, "இனி எவளாவது மலை இடியுதுன்னு எழுதினா, குடும்பத்தோட தோட்டத்தை விட்டு இறங்கணும்" என்று பெரட்டில் சொன்னார். அப்பா என் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார்.

அக்காவைப் புதைத்த அன்று மழையே இல்லை. ஆனால் பீலியில் செம்மண் தண்ணீர் வந்தது. நாய்கள் மேல் லயத்துக்கு ஏற மறுத்தன. அந்த லயத்தின் பின்சுவரில் காது வைத்தேன். உள்ளே யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம்.

அன்றிரவு தேயிலைப் பெட்டிப் பலகையொன்றில் கரியால் எழுதினேன்: "மலை வெடிச்சிருக்கு. மழை வந்தா மேல் லயம் நிக்காது. இன்னைக்கே பிள்ளைகளோட கோயிலுக்குப் போங்க." பீலியடியில் சாத்திவிட்டு ஓடி வந்தேன்.

விடிந்ததும் அத்தையின் அலறல் கேட்டது. "இது பாக்கியத்தோட பேச்சுடி! செத்தும் நம்மள விடமாட்டேங்கிறாளே. எந்திரிங்க, எந்திரிங்க!" மேல் லயம் முழுவதும் இறங்கியது. கணக்கப்பிள்ளை பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். செத்துப்போனவரை எந்தத் தோட்டத்தை விட்டு இறக்குவது?

மழை பிடித்த இரவில் மேல் லயம் மண்ணுக்குள் போயிற்று. உள்ளே யாரும் இல்லை.

அக்காவைத் தெரிந்தவர்களே, இதை அப்பா விழிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அந்தப் பலகையில் எழுதியது நான்தான். ஆனால் காலையில் அதன் அடியில், "ஆட்டையும் அவுத்துக்கிட்டுப் போங்க" என்று இன்னொரு வரி இருந்தது. ஆடு வளர்க்கும் அத்தை கட்டாயம் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்குப் பதில். அதை நான் எழுதவில்லை.

படிக்கிறவர் அடுத்து என்ன கேட்பார் என்று நின்று யோசிக்கும் பழக்கம்தான் அவரிடமிருந்து எனக்கு வந்தது. இப்போதெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்கு முன்பே, தோளுக்குப் பின்னால் யாரோ பதிலைச் சொல்லித் தருகிறார்கள்.