உரும்பிராயில் என் தலை

நேற்றுக் காலை உரும்பிராயில் என் தலையில் ஒரு காகம் வந்து குந்தியது. சனி பிடித்துவிட்டதென்று எனக்காக யாரும் எள்ளெண்ணெய் எரிக்க வேண்டாம். அந்த நேரம் நான் வீதியோரம் ஸ்கூட்டியில் இருந்தேன். தலை மட்டும் மேலே, கட்டி முடியாத ஒரு மாடிவீட்டின் உச்சியில், கம்பியொன்றோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. உச்சி திறந்த, மண்ணால் செய்த தலை. செய்தவள் நான், முகமும் என்னுடையது. காகம் விளிம்பில் நின்று உள்ளே குனிந்தது. எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது.

எனக்கு யோசனை வந்தால் வீட்டில் யாராவது எதையாவது இழக்க வேண்டிவரும். முதல் யோசனையில் அம்மா தன்னுடைய கால்மெசினை, காலால் மிதித்துத் தைக்கும் மெசினை, இழந்தா. அதைச் சொன்னால்தான் இது விளங்கும்.

கம்பஸ் முடிந்து, நான் படித்த சித்திரமும் சிற்பமும் யாருக்கும் தேவைப்படாமல் பண்டத்தரிப்பில் சும்மா இருந்த காலம். போனில் ஒரு பூச்சாடி பார்த்தேன். பெண்ணின் தலை, உச்சி திறந்தபடி, தலைமயிருக்குப் பதிலாகப் பூ. பொங்கல் சந்தைக்கு இதைச் செய்து விற்பதென்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். மொடலாக இருக்கச் சொன்னால் வீட்டில் ஒருவரும் அசையாமல் இருக்கமாட்டார்கள் என்பதால் கண்ணாடியைப் பார்த்து என் முகத்தையே செய்தேன். சக்கரத்துக்கு என்ன செய்வது? அறை மூலையில் அம்மாவின் பழைய கால்மெசின் நின்றது. மேல்பாகத்தைக் கழற்றி, பெல்ற்றை ஒரு முறுக்கு முறுக்கி, பலகைத் தட்டொன்றைச் சுழலவிட்டேன். அம்மா எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் சட்டை தைப்பவ. கரண்ட் மெசின் இருந்தது. ஆனால் அந்த நாட்களில் கரண்ட்தான் இருக்கவில்லை.

"கரண்ட் போனால் நான் எதிலை தைக்கிறது? பொங்கலுக்கு முதல்நாள் வரைக்கும் பாப்பன். ஒரு தலை மிஞ்சினாலும் மெசின் திரும்பி என்ரை அறைக்கு வரும். நீயும் பேசாமல் ரீச்சிங்குக்கு அப்ளிக்கேசன் போடுறாய்."

ஆசிரியத் தொழிலை நான் குறைசொல்லவில்லை. காலை ஏழரை மணிக்குச் சேலை கட்டி நிற்கும் ஆள் நானில்லை, அவ்வளவுதான்.

சூளை இல்லாததால் வீட்டுக் கோடிக்குள் கிடங்கு வெட்டி, காய்ந்த பனங்காவோலையும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத்தான் தலைகளைச் சுட்டேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, வெள்ளை வேட்டி காயப்போட்டனான், காவி வேட்டியெல்லே எடுக்கிறன்" என்றா. தலைகளும் அப்படித்தான். செம்மண் நிறத்தில் போனவை கரியாகி வந்தன. முகங்களுக்கு உயிர் வரட்டுமென்று கண்களுக்குச் சுண்ணாம்பால் வெள்ளை அடித்தேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு அந்த இடத்திலாவது மண்டையில் ஏறியிருக்க வேண்டும். கறுத்த பானையில் வெள்ளைக் கண் வைத்தால் அது என்னவென்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கத்தரித் தோட்டத்தின் நடுவே காகமும் கிளியும் விரட்டும் வெருளிக்குத் தலையாக நிற்கும். புதுவீட்டில் கண்ணூறு படாமல் தொங்கும். நான் அதைக் கலை என்று சொல்லி உரப்பையில் கட்டிக்கொண்டு சுன்னாகத்துக்கு பஸ் ஏறினேன்.

வழியில் மூட்டையின் வாய் அவிழ்ந்து ஒரு நெற்றியும் இரண்டு கண்களும் வெளியே வந்தன. முன்சீற்றில் இருந்த ஒருவர் மெதுவாகக் காலைத் தூக்கிச் சீற்றில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, உது ஆர்?"

"நான்தான் அண்ணை."

அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார். அது அவர் இறங்கவேண்டிய இடமோ தெரியாது.

பொங்கலுக்கு முந்திய நாட்களில் சந்தை வீதியின் கரை முழுக்கக் கடைதான். பொங்கல் பானை, கரும்பு, மஞ்சள் இலை, வெடி. எனக்குக் கிடைத்த இடத்தின் வலப்பக்கம் பிளாஸ்டிக் வாளி விற்கும் அண்ணை, இடப்பக்கம் வெத்திலை விற்கும் அக்கா. சாக்கை விரித்து, தலைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் செவ்வந்தி செருகினேன். வாளி அண்ணை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, குறை நினையாதையும். உதுகளை மற்றப் பக்கம் திருப்பி வையும். சனம் என்ரை வாளியையும் பாக்காமல் ஓடுது."

வந்தவர்கள் சிரித்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், போனார்கள். மத்தியானம் கடந்து, உரும்பிராய்த் தோட்டக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். ஒரு தலையிலிருந்த பூவை மரியாதையாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார். தலையைத் தூக்கி விரலால் தட்டிப் பார்த்தார்.

"வெருளி என்ன விலை பிள்ளை?"

"ஐயா, இது பூச்சாடி."

"ஓம், ஓம். பூச்சாடியிலை மூண்டு தாரும். பயிற்றைத் தோட்டத்துக்கு வைக்கோணும்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நவீன சிற்பத்தைப் பற்றி ஒரு விரிவுரையே நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இது என்ரை முகம் ஐயா" என்றேன். தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தலையைப் பார்த்தார்.

"மெய்தான். அப்ப கிளியொண்டும் கிட்ட வராது."

வாளி அண்ணை ஒரு வாளிக்குள் முகத்தை விட்டுச் சிரித்தார்.

தோட்டக்காரர் ஊரில் போய் என்ன சொன்னாரோ, அடுத்தநாள் ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். நானும் மாறிவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பூக்களை எடுத்துக் கரையில் வைத்தேன். "இது நல்லாக் கோவிச்ச முகம், பாருங்கோ" என்று காட்டி விற்றேன். "கண்ணை இன்னும் கொஞ்சம் பிதுக்கி இருக்கலாமே" என்று கேட்டவருக்கு, "இரவிலை பாருங்கோ, பிதுங்கும்" என்றேன். வாளி அண்ணை தன் வாளிகளை மறந்து எனக்காகக் கூவினார்.

பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் ஒரே ஒரு தலை மிஞ்சியது. எல்லாவற்றிலும் அதுதான் எனக்குச் சரியாக வந்தது. தென்னை ஈர்க்கால் உதட்டோரத்தைக் கீறிக் கீறி ஒரு சிரிப்பை அதில் கொண்டுவந்திருந்தேன். உரும்பிராயில் மாடிவீடு கட்டும் மேசன் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"உது சிரிக்குது பிள்ளை. காகம்கூட வந்து குந்தும்."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பண்டத்தரிப்பில் அம்மா படலையடியில் நிற்பா. மெசின் கண்ணுக்குள் வந்தது. ஏழரை மணிச் சேலையும் வந்தது. வெத்திலை அக்கா சுண்ணாம்புச் சிமிழை என் பக்கம் தள்ளினா.

"பல்லைக் கீறி விடு பிள்ளை."

நான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. பிறகு விரலில் சுண்ணாம்பைத் தொட்டு மேல்வரிசை கீறினேன், கீழ்வரிசை கீறினேன், விரல் சூடுபிடித்துவிட்டதால் இரண்டு பக்கமும் வேட்டைப்பல்லும் வைத்தேன். மேசன் ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"இப்ப சரி."

அம்மா உரப்பையை உதறிப் பார்த்தா. ஒன்றுமில்லை. "பூச்சாடிக்கு உவ்வளவு சனமோ?" என்றா. ஓமென்றேன். பொங்கலுக்குப் பிறகு அம்மா உரும்பிராய்ப் பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்த அன்று எல்லாம் வெளியே வந்தது.

"பஸ்ஸிலை வாறன், பயிற்றைக்குள்ளை நிண்டு நீ என்னைப் பாத்து முழிக்கிறாய். வெய்யிலுக்கை நிக்குதே எண்டு பாவம் பாத்துக் கை காட்டிப்போட்டு வந்தனான்."

மெசின் என்னிடமே நின்றது. கரண்ட் போனால் மேல்பாகத்தைப் பூட்டி அம்மா தைப்பா. வந்தால் நான் கழற்றுவேன்.

இப்போது அந்தச் சந்தை வீதிக்கரையில் கடை போட முடியாது, மோட்டார் சைக்கிள்தான் நிறுத்தலாம். வாளி அண்ணை பிரான்சில். "இஞ்சை காகத்தையே காணேல்லை" என்று குரல்செய்தி அனுப்புவார். தோட்டங்களில் பளபளக்கும் நாடா கட்டுகிறார்கள், பழைய சீடி தொங்கவிடுகிறார்கள். என் முகத்துக்கு இனி யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை. அம்மா மெசினைக் கடக்கும்போதெல்லாம் அதைத் தடவிவிட்டுப் போகத் தொடங்கியிருக்கிறா.

அதனால்தான் நேற்று அந்த மாடிவீட்டடியில் ஸ்கூட்டியை நிறுத்தி அவ்வளவு நேரம் பார்த்தேன். வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து மாடிப்படி எந்தப் பக்கம் என்று சொல்லும்வரை அந்த வீடு அப்படியே நிற்குமாம். வெருளியும் நிற்கிறது. ஆனால் பெய்த மழைக்கெல்லாம் சுண்ணாம்பு கரைந்து, வேட்டைப்பல் உட்பட எல்லாப் பல்லும் போய்விட்டன. ஈர்க்கால் கீறிய சிரிப்பு மட்டும் இருந்தது. மேசன் சொன்ன காகமும் வந்திருந்தது. இரவு பெய்த மழைத்தண்ணீரை என் தலைக்குள்ளிருந்து ஆறுதலாகக் குடித்தது.

பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தலை. இந்தமுறை சிரித்தபடி. வீட்டுக்கு வந்த கையோடு அம்மாவிடம் சொன்னேன். கரண்ட் இல்லை. மெசினை மிதித்தபடியே கேட்டா.

"திரும்பவும் உன்ரை முகமோ?"

"இல்லை. இந்தமுறை உங்கடை முகம்."

மிதிப்பது நின்றது. கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தா.

"அப்பக் கொண்டையையும் சேத்துச் செய்."

மண் ஊறப்போட்டாயிற்று. உச்சி திறந்தால்தான் தண்ணீர் நிற்கும், உச்சியில்தான் அம்மாவின் கொண்டை. கொண்டையையே கிண்ணமாக்கலாமா என்று விடிந்ததும் செய்து பார்க்க வேண்டும்.