வெள்ளைச் சோறும் பூச்சோங் மலையும்

வேலாயுதம்.

உங்க பேர நான் ஒரு தடவகூட வாய்விட்டுச் சொன்னதில்ல. அஞ்சு வருசம் ஒண்ணா இருந்தோம். ‘இந்தாங்க’, ‘கேட்டீங்களா’ன்னே காலம் போயிருச்சு. பேரச் சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லி அனுப்பிச்சிருந்தாங்க. கொறையறதுக்கு இனி என்ன இருக்கு? அதான் எழுதிட்டேன்.

எழுதுறவ பேரு பாக்கியம். கோலாலம்பூர் பிரிக்பீல்ஸ்ல ரயில்வே லைன் வீட்டுல இருக்கேன். பள்ளிக்கூடம் மூணு வருசந்தான் போனேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. என் வீட்டுக்காரருக்கு வந்த நோவு இன்னும் சில வீட்டுல வந்திருக்குதாம். அவங்களுக்காகத்தான் எழுதுறேன். முக்கியமா அந்த வீட்டுல சமைக்கிறவங்களுக்கு.

மொதல்ல காட்டிக் குடுத்தது ஒரு கட்டைச் செருப்பு.

அவரு வேலைக்குப் போய்த் தங்கியிருந்த பூச்சோங்லேருந்து மாட்டு வண்டியில வந்து, சடக்குல (ரோட்டுல) எறங்கி, வீட்டுக்கு நடந்து வந்தாரு. நான் அடுப்படியில இருந்தேன். கட்டைச் செருப்புச் சத்தம் எப்பவும் ரெண்டு காலுக்கும் கேக்கும்ல. அன்னிக்கு ஒரு காலுக்குத்தான் கேட்டுச்சு. எட்டிப் பாத்தா ஒரு கால்ல செருப்பே இல்ல. எங்கங்கன்னு கேட்டா, குனிஞ்சு பாத்துட்டுத்தான் அவருக்கே தெரியுது. பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா, “செருப்பு போனது தெரியாம வர்ற அளவுக்கு எங்கய்யா ஊத்துன?”ன்னு கேட்டுச்சு. அவரு குடிக்கவே மாட்டாரு. மூணு பேரும் சிரிச்சோம்.

அவரு ரயில்வேல பெட்டிக்கு வர்ணம் அடிக்கிற வேல. அது சோத்துக்கு. லீவு நாள்ல கித்தான் துணிய மூங்கில்ல கட்டி எடுத்துக்கிட்டு, கிள்ளான் ஆத்தோரம், கம்பத்துப் (மலாய்க்காரங்க கிராமம்) பக்கம்னு போயிருவாரு. வயலு, தென்ன, ஆத்து வளைவு, மலை இதத்தான் படமா எழுதுவாரு. சாமி படம் போடுங்கன்னு ஆளுங்க கேப்பாங்க. சாமிய நான் பாத்ததில்லையேம்பாரு. மிச்சம் விழுந்த ரயில் பச்சைய எடுத்துக்கன்னு வேலையிடத்துல குடுத்தாங்க. இந்தப் பச்சை எந்த இலையிலயும் இல்லன்னு, மஞ்சளும் கறுப்பும் கலந்து அவரா ஒரு பச்சை பண்ணிக்குவாரு.

பூச்சோங்ல ஈயலம்பம் (ஈய மண்ண வெட்டிக் கழுவுற எடம்) வச்சிருந்த சீனத் தவுக்கே (மொதலாளி) ஒருத்தரு அந்தப் படங்களப் பாத்தாரு. அவரோட எடத்துல ஒரு மலை. அதத் தண்ணியப் பீச்சிக் கரைச்சு ஈயம் எடுக்கப் போறாங்க. போறதுக்கு முன்னாடி அந்த மலை முழுசும் ஒரு படத்துல வேணும்னு கேட்டாரு. இவரு வேலைக்கு நீண்ட லீவு போட்டுட்டு, லம்பத்துக் கொங்சியிலயே (வேலையாளுங்க ஒண்ணா தங்குற கொட்டாய்) போய்த் தங்கிட்டாரு. வீட்டுக்கு வந்து வந்து போனா, ரெண்டு நாள்ல மலை வேற மாதிரி ஆயிரும்னாரு.

பெரிய கித்தான். எடது பக்கத்துலேருந்து எழுதிக்கிட்டு வந்தாரு. பாதிக்கு வரும்போது நெச மலை பாதி போச்சு. தவுக்கேக்குக் கோவம். மொதல்ல இருந்த மாதிரியே மீதியும் போடுன்னாரு. ஒரு ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்தப்ப இவரு எங்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. “கரைக்கிறது அவரு, ஒட்டி வைக்கிறது நானா? அன்னன்னிக்கு எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் போடுவேன்.”

அதனால அந்தப் படத்துல மலை எடது பக்கம் ஒசரமா இருக்கும். அப்படியே வலது பக்கம் போகப் போகத் தேஞ்சுக்கிட்டே வரும்.

ஆறு மாசம் கொங்சிச் சாப்பாடு. கருவாடு, ஊறுகா, வெள்ளைவெளேர்னு சயாம் அரிசிச் சோறு. எங்க லைன்ல எல்லாரும் சாப்புடுறது புழுங்கரிசி. பழுப்பா இருக்கும், ஒரு வாட வரும். “மல்லிப்பூ மாதிரி சோறு புள்ள, நம்ம பொங்கலுக்கு மட்டும் பாக்குறத தெனமும் திங்கிறேன்”ன்னு பெருமையாச் சொன்னாரு. எனக்கும் சந்தோசந்தான்.

செருப்பு விழுந்த அன்னிக்கு அவரு படத்த முடிச்சுட்டு வரல, ஒடம்பு முடியாமத்தான் வந்திருக்காரு. ரெண்டு மாசமா பாதத்துல ஊசி குத்துற மாதிரி, அப்புறம் ஒண்ணுமே இல்லாத மாதிரி. தவுக்கே நல்ல மனுசன், வண்டியில ஏத்திவிட்டு, நோவாளி சாப்பிடட்டும்னு ஒரு மூட்ட வெள்ளரிசியும் அனுப்பிச்சிருந்தாரு.

நான் செஞ்சத இங்க மறைக்காம எழுதுறேன்.

அந்த மூட்ட அரிசிய அவருக்குன்னு தனியா வச்சேன். இன்னும் வெள்ளையா வரட்டும்னு ஏழு தண்ணி ஊத்திக் கழுவுனேன். அதுலயே கஞ்சி, அதுலயே சோறு. ராக்காயி அக்கா வந்து, “நோவாளிக்குப் புழுங்கரிசிக் கஞ்சிதான்டி குடுக்கணும்”னு சொல்லிச்சு. எனக்குக் கோவம் வந்துச்சு. அதுக்குப் பொறாமன்னு நெனச்சேன். நான் மட்டும் புழுங்கரிசிய வடிச்சு, அவரு பாக்காத மாதிரி அடுப்படியில உக்காந்து சாப்பிட்டேன். பாத்தா, நீ திங்கிறதையே எனக்கும் குடுன்னுவாரு.

ஒரு மாசம் அப்படிக் குடுத்தேன். காலு வீங்குச்சு. மூச்சு வாங்குச்சு. நான் இன்னும் ஒரு கரண்டி அதிகமா வச்சேன்.

கடைசியில ராக்காயி அக்கா புருசன்தான் வண்டி பிடிச்சு கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. நீள நடையில நெறைய பேரு தரையில காலை நீட்டி உக்காந்திருந்தாங்க, முக்கால்வாசி சீனவங்க. எல்லார் காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்துச்சு. அப்பவாச்சும் எனக்குப் புரிஞ்சிருக்கணும். பேர் கேட்டாங்க. நான் சொல்லல. பேர் கேட்டா காட்டலாம்னு கையில எடுத்துட்டுப் போயிருந்த சின்னப் படத்துப் பலகையத் திருப்பி, மூலையில அவரு போட்டிருந்த கையெழுத்தக் காட்டுனேன்.

வெள்ளக்கார டாக்டரு அவர குந்தச் சொன்னாரு. குந்துனாரு. எந்திரிக்கச் சொன்னாரு. முடியல. தன்னோட காலுமேலயே கைய ஊணி ஊணி ஏறப் பாத்தாரு. ஒரு பெரிய மலை ஏறுற மாதிரி இருந்துச்சு. டாக்டரு கணுக்கால்ல கட்டை வெரல வச்சு அமுக்குனாரு. வெரல எடுத்தப்புறமும் குழி அப்படியே இருந்துச்சு.

கூட இருந்த டிரெசர் ஐயா (டாக்டருக்குக் கீழ மருந்து குடுக்கிறவரு) யாழ்ப்பாணத்துக்காரரு. எங்கிட்ட கேட்டாரு, “பிள்ளை, வீட்டிலை இவருக்கு என்ன அரிசிச் சோறு குடுக்கிறனீர்?”

“சயாம் வெள்ளரிசிங்கய்யா. ஏழு தண்ணி கழுவித்தான் குடுக்குறேன்.”

“நீர் என்ன சாப்பிடுறனீர்?”

“நான் புழுங்கரிசிதாங்க. அத அவருக்குக் குடுப்பேனா?”

அவரு டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் என் மொகத்தப் பாக்கல.

நோவு பேரு பெரிபெரி (கால்ல மரத்துப்போயி, வீங்கி, நெஞ்சு வரைக்கும் ஏறுறது). நெல்லோட தவிட்டுல இருக்கிற ஒரு சத்து இல்லாமப் போனா வருதாம். நெல்லப் புழுக்குனா அந்தச் சத்து அரிசிக்குள்ள எறங்கிருமாம். பச்சையாத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்குனா போயிருமாம். கழுவக் கழுவ மிச்சமும் போகுமாம். “உம்மிலை குற்றமில்லை, எங்களுக்கே இப்பதான் விளங்குது”ன்னு டிரெசர் ஐயா சொன்னாரு. நல்லவரு, அதனாலதான் சொன்னாரு.

நானே போய் அவருக்கிட்ட சொன்னேன். மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திட்டுவாருன்னு நெனச்சேன், திட்டுனா நல்லா இருந்திருக்கும். “அஞ்சு வருசம் உன் பழுப்புச் சோத்தத் தின்னு கல்லு மாதிரி இருந்தேன். ஒரு மாசம் மரியாத பண்ணுன, படுத்துட்டேன்”னாரு. பக்கத்துக் கட்டில்காரரும் சிரிச்சாரு.

புழுங்கரிசிச் சோறும் பச்சப்பயறுக் கஞ்சியும் குடுத்தாங்க. மூணாவது வாரம் நான் போனப்ப, “கால்ல எறும்பு கடிக்குது, எறும்பு கடிக்குது”ன்னு கூப்பிட்டாரு. தட்டிவிடப் போனேன். கையப் பிடிச்சுக்கிட்டாரு. “இருக்கட்டும் விடு”ன்னாரு. கண்ணுல தண்ணி.

வீட்டுக்கு அனுப்பும்போது டிரெசர் ஐயா சொன்னாரு. “கால் முந்தி வந்திட்டுது. இருதயம் பிந்தித்தான் வரும். ஏறக்கூடாது, ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது.” நான் குடத்தக்கூட அவரு பக்கத்துல வைக்கல.

ஆனா அவரோட வண்டியில வந்திருந்த கித்தான்ல வலது ஓரம் ஒரு சாண் மிச்சம் இருந்துச்சு. ஒரு தடவ பூச்சோங் போயி மலையப் பாத்துட்டு வந்துட்டா முடிச்சிருவேன்னாரு. பத்து நாள் முடியாதுன்னேன். பதினொன்னாம் நாள் வண்டி பிடிச்சேன். நடக்க வேண்டாம், வண்டியிலேருந்தே பாக்கட்டும்னு.

மலை இல்ல. ஒரு பெரிய தண்ணிக் குட்டை கெடந்துச்சு. அவ்வளவுதான். அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. வருத்தப்படுவாருன்னு நெனச்சேன். எறக்கிவிடச் சொன்னாரு. கரையில உக்காந்து ரெண்டு காலையும் தண்ணியில விட்டாரு.

“சில்லுனு இருக்கு புள்ள”ன்னாரு.

மூணாம் நாள் காலையில கஞ்சி குடிச்சு டம்ளர வச்சுட்டு, நெஞ்ச அடைக்குதுன்னாரு. ராக்காயி அக்காவக் கூப்பிட ஓடுனேன். அடுத்த வீடுதான். திரும்பி வர்றதுக்குள்ள போயிட்டாரு. பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவாரோன்னு வாயெடுத்தேன். அப்பவும் வரல.

பூச்சோங் போனதாலயான்னு டிரெசர் ஐயாகிட்ட கேட்டேன். “இல்லைப் பிள்ளை. ஒரு மாதம் முந்தி வந்திருந்தால்...” அதோட நிப்பாட்டிட்டாரு. அந்த மாசம் எதுன்னு எனக்குத் தெரியும்.

நீங்க செய்ய வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. வீட்டுல யாருக்காச்சும் பாதம் மரத்தா, குந்தி எந்திரிக்க முடியலன்னா, நல்ல சோறு போட்டு ஒக்கார வைக்காதீங்க. அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. அரிசி பழுப்பா இருக்குன்னு வெக்கப்படாதீங்க.

அந்தக் கித்தான் இப்ப என் வீட்டுச் சொவர்ல இருக்கு. தவுக்கே வந்து பாத்துட்டு, இங்கயே இருக்கட்டும்னு போயிட்டாரு. நான் நாளக் கணக்குப் பாக்குறது இப்ப அதுலதான். மலை ஒசரமா இருக்கிற எடத்துல அவரு நல்லா இருந்தாரு. சரியிற எடத்துல ஊசி குத்த ஆரம்பிச்சிருக்கு. அந்த ஓரத்துச் சாண் வெறும் துணி. முடியாத படம்னு சொல்றாங்க. எனக்குத் தெரியல. அங்க நெசமாவே ஒண்ணும் இல்லாமத்தானே இருந்துச்சு.

தெனமும் காலையில எந்திரிச்சதும் கெண்டக்காலக் கிள்ளிப் பாக்குறேன். வலிக்குது. அடுப்படியில ஒளிஞ்சு தின்ன சோறுதான் அந்தக் கால நல்லா வச்சிருக்கு. என் ஒடம்பு அவருக்குச் சேர வேண்டியத வாங்கித் தின்ன மாதிரிதான் இருக்கு எனக்கு. ஆனாலும் தண்ணிக் கொழாயடியில காலு நனையும்போது கொஞ்ச நேரம் நின்னுருவேன். சில்லுனு இருக்கும்.

இதப் படிச்ச எல்லாரும், கும்புடுறது எந்தச் சாமியா இருந்தாலும், அவருக்காக ஒரு தடவ வேண்டிக்கங்க. வேண்டும்போது வேலாயுதம்னு பேரச் சொல்லி வேண்டுங்க. என்ன மாதிரி வாய்க்குள்ளயே வச்சுக்காதீங்க. சத்தமாவே சொல்லுங்க.