மட்டாஞ்சேரி விலையும் ஒரு வெற்று வரியும்

துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து மிளகு விலை பேசுகிற ஊர், கொச்சியின் மட்டாஞ்சேரி. தோளோடு தோள் உரச நிற்பவனுக்குக்கூட என்ன விலைக்கு முடிந்தது என்று தெரியக் கூடாது. அப்படிப்பட்ட ஊரில், மிளகு வாங்கும் ஹாம்பர்க்காரருக்கு மட்டும் சொல்ல வேண்டிய குறைந்த விலையை லண்டன்காரருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள் பாக்கியலக்ஷ்மி. அதுவும் கம்ப்யூட்டரை வைத்து.

1989-ஆம் வருடம். அவளுடைய அப்பா ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அம்மா மாயம்மாளுக்குச் சந்தையில் காய்கறிக் கடை. சுள்ளிக்கல்லில் வாடகை வீடு. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பாக்கியலக்ஷ்மி. கணிதத்தில் பட்டம் வாங்கி, ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, மிளகு ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் சேர்ந்திருந்தாள். மேனேஜர் வெங்கிடராமன் பாலக்காட்டுத் தமிழர். 'நான் படித்ததற்காக எடுத்தாரா, தமிழ்ப் பெண் என்று இரக்கப்பட்டு எடுத்தாரா?' இந்தக் கேள்வி அவளை விட்டபாடில்லை.

தினமும் காலையில், கம்ப்யூட்டரைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் கீச்சிட்டு, பம்பாய் வழியாக வெளிநாட்டுக் கடிதங்கள் ஒரே மூட்டையாக வந்து விழும். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் அனுப்பியவர், பெறுபவர், தேதி என்று சில வரிகள் இருக்கும். அதில் 'ஃப்ரம்' என்று தொடங்கும் வரியிலிருந்து அனுப்பியவரின் முகவரியை உருவி எடுக்க, 'ஆக்' என்ற சின்னக் கம்ப்யூட்டர் மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தாள். அது எடுத்துக் கொடுக்கும் முகவரிக்கு அன்றைய விலை தானாகவே போய்விடும். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் லண்டனிலிருந்து அந்தக் கடிதம் வந்தது: 'ஹாம்பர்க்குக்குக் கொடுத்த விலையையே எங்களுக்கும் கொடுங்கள்.'

வெங்கிடராமன் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்குக் காலம்பறத் தபால் வரச்சே இது சரியா இருக்கணும், கேட்டியா? இல்லைன்னா நீ கிடங்குக்குப் போயி சாக்குக்கு நம்பர் போடு. தபாலை அனந்தம் பாத்துக்கட்டும்."

தந்தி போலக் கம்பி வழியே செய்தி அடிக்கும் டெலக்ஸ் ஆபரேட்டர் அனந்தலக்ஷ்மி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "எனக்கு அந்தப் பெட்டி வேண்டாம் சார். அது ராத்திரி பகல் இல்லாம கீச்சுக் கீச்சுங்கறது. கோட்டான் மாதிரி."

மத்தியானம் சாப்பாட்டை வாங்க பாக்கியலக்ஷ்மி சந்தைக்குப் போனாள். மாயம்மாள் முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒருத்திக்குச் சொன்ன வெலைய இன்னொருத்தி காதுல ஓதுனா, சந்தையில கடை போட முடியுமாடி? இதுக்கா உன்னைய பி.எஸ்.சி. படிக்க வச்சோம்?"

"தப்பு எங்கன்னு தெரியலம்மா."

"தெரியலன்னா போய்ப் பாரு. இங்க வந்து முருங்கைக்காயில தேடுனா கெடைக்குமா?"

கோபமாகத்தான் ஆபீஸுக்குத் திரும்பினாள். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. கிடங்கில் சாக்குக்கு நம்பர் போடுவது கேவலமான வேலை இல்லை. அப்பா சுமக்காத பாரமா? ஆனால் தோற்று அங்கே போக அவள் தயாராக இல்லை.

ஹாம்பர்க் கடிதத்தை, நிரல் தொடுவதற்கு முன்பு வந்தபடியே திரையில் விரித்தாள். ஹாம்பர்க்காரர், 'இவர் எழுதியதைப் பாருங்கள்' என்று லண்டன்காரரின் கடிதம் முழுவதையும் தன் கடிதத்துக்குள்ளேயே ஒட்டியிருந்தார். ஆக, கடிதத்தின் வயிற்றுக்குள் இன்னொரு 'ஃப்ரம்'. நிரல் இரண்டையும் பிடித்திருக்கிறது. சரி, தலைப்பு எங்கே முடிகிறது, கடிதம் எங்கே தொடங்குகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

வந்த கடிதத்தில் தலைப்புக்கும் செய்திக்கும் நடுவே ஒரு வெற்று வரி இருந்தது. அடுத்த கடிதத்திலும் அதே இடத்தில் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. அவளுடைய நிரல் முதல் வேலையாக வெற்று வரிகளையெல்லாம் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. எழுதியவள் அவளேதான்.

ஏன் அப்படி எழுதினாள்? யோசித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று மாதம் டெலக்ஸில் இருந்தாள். அங்கே காலி வரி விட்டால் அதற்கும் பணம். கை தானாகவே சிக்கனம் பிடித்துவிட்டது. இந்த இயந்திரத்திலோ அந்தக் காலி இடம்தான் வேலி. வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மாடு மேய்ந்துவிட்டதே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

துடைக்கும் கட்டளையை எடுத்தாள். ஒவ்வொரு கடிதம் தொடங்கும்போதும் 'தலைப்பில் இருக்கிறோம்' என்று ஒரு குறி. முதல் வெற்று வரி வந்ததும் குறி அணைந்துவிடும். குறி எரியும்போது மட்டும் 'ஃப்ரம்' வரியைப் படி. பழைய கடிதங்கள் அத்தனையையும் மறுபடி அதில் ஓட்டிப் பார்த்தாள். ஒட்டுக் கடிதம் எதுவும் சிக்கவில்லை. அதோடு விடவில்லை. தலைப்பே இல்லாத பொய்க் கடிதம், இரண்டு வெற்று வரிக் கடிதம் என்று தானே சில செய்து ஓட்டினாள். எதிலும் தவறவில்லை.

மறுநாள் காலையில் தபால் வந்து இறங்கியபோது வெங்கிடராமன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"டெலக்ஸ் பழக்கத்துல காலி வரியை எடுத்துட்டேன் சார். அதுதான் தப்பு."

"ஐயோ, அப்போ குற்றம் எனக்கோ?" என்றாள் அனந்தலக்ஷ்மி. "சிக்கனம் பண்ணுடீன்னு நான்தானே சொன்னேன்!"

"எழுதினது நான், சேச்சி."

வெங்கிடராமன் கடிதங்களின் அச்சுத் தாளை வாங்கி, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் திரையோடு ஒத்துப் பார்த்தார். ஹாம்பர்க்காரர் இன்றைக்கும் யாரோ ஒருவருடைய கடிதத்தை ஒட்டித்தான் அனுப்பியிருந்தார். திரையில் அவர் முகவரி மட்டும் இருந்தது.

"லண்டனுக்கு அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆகணும். அந்த நஷ்டம் நஷ்டம்தான்," என்றார்.

"தெரியும் சார். இந்த மாசம் பூரா, அனுப்பறதுக்கு முந்தி ஒவ்வொரு முகவரியையும் நானே கண்ணால பாத்துட்டுத்தான் அனுப்புவேன். ஆனா பெட்டி என்கிட்டதான் இருக்கணும்."

கடைசி வாக்கியத்தை இப்படி அடித்துச் சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெங்கிடராமன் தாளை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"பின்னே வேற யாரு பாத்துக்கறது? ஹாம்பர்க் விலையைப் போடு."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விலையை அடித்தாள். முகவரியை ஒரு தடவை படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம்தான் அனுப்பினாள்.