பொத்தானாரின் வயிற்றெரிச்சல்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பொத்தானார் என்றால்தான் தெரியும். மருத்துவமனை கவுண்டர்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. திரையில் ‘சேமி’, ‘அச்சிடு’, ‘அடுத்த நோயாளி’ என்று வரிசையாக நிற்கும் பொத்தான்கள் எல்லாம் அவர் கைவண்ணம். ஒரு பொத்தானின் ஓரம் எவ்வளவு வளையலாம் என்று மத்தியானம் முழுக்க யோசிப்பார். சாப்பாட்டு டப்பா திறந்தபடி ஆறிக்கொண்டிருக்கும். நான் அங்கே டெஸ்டர். சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்கிற உத்தியோகம். என் வாய்க்கு ஏற்ற வேலை என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

எனக்கு இடப்பக்கம் பொத்தானார். வலப்பக்கம் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்ததே பொத்தானார்தான். விசைப்பலகை ஷார்ட்கட் எல்லாம் மச்சானின் பொறுப்பு. ஆல்ட்டையும் எஸ்ஸையும் சேர்த்துத் தட்டினால் சேமித்துவிடும், ஆல்ட்டும் பி-யும் என்றால் அச்சாகிவிடும். மவுஸையே தொட வேண்டாம். பொத்தானாரின் பொத்தான்களையும் தொட வேண்டாம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்தால், அதைப் பயன்படுத்துகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பார்ப்போம். வாயைத் திறக்கக் கூடாது, விரலை நீட்டக் கூடாது. பொத்தானாரின் மனைவி ஒரு மருத்துவமனையில் பதிவு கவுண்டரில் இருந்தாள். அங்கேயும் எங்கள் மென்பொருள்தான். ஒரு நாள் நானும் அவரும் அவள் பின்னால் போய் நின்றோம்.

அம்மணி மவுஸை எங்கே வைத்திருந்தாள் தெரியுமா? வயரைச் சுருட்டி, மானிட்டருக்குப் பின்னால் தள்ளி, அதன் மேல் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து வைத்திருந்தாள். விரல்கள் தட்டத் தட்ட பக்கங்கள் வந்தன, போயின, சீட்டு அச்சாகி வெளியே விழுந்தது. கூப்பிடாமல் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி பொத்தான்கள் திரையின் ஓரத்தில் நின்றன. பக்கத்து இருக்கைப் பெண் வேறு, “உங்க தம்பி கைக்கு தங்கக் காப்பே போடலாம்க்கா” என்றாள்.

பொத்தானாரால் தாங்க முடியவில்லை. வழக்கத்தைக் காற்றில் விட்டுவிட்டு, “அந்த பச்சை பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாரேன்” என்றார்.

“எதுக்குங்க? வரிசையில ஆள் நிக்கிறாங்க. தம்பி வச்ச கீ கைக்குப் பழகிடுச்சு” என்றாள் அவள், திரும்பாமலே.

மனிதரின் முகம் கறுத்துவிட்டது. பொறாமைதான். அதற்கு வேறு கௌரவமான பெயர் வைக்க நான் தயாரில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “கல்யாணம் ஆன நாள்ல இருந்து பார்க்கிறேன் மேடம். தம்பி தும்மினாக்கூட அவளுக்குப் பெருமை. என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை அவ வாயில வந்ததில்ல. ஒரே ஒரு தடவை சொன்னா போதும் எனக்கு.”

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து அவர் செய்த காரியம் இருக்கிறதே!

ஒவ்வொரு பொத்தானின் மூலையிலும் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். எந்த விசையைத் தட்டினால் அந்த வேலை நடக்கும் என்பதற்கான அடையாளம். அடுத்த பதிப்பில் அத்தனையையும் துடைத்து எடுத்துவிட்டார். ஷார்ட்கட்கள் உள்ளே அப்படியே இருந்தன. வெளியே தெரியாது, அவ்வளவுதான். “திரை கொஞ்சம் மூச்சு விடணும் சார்” என்று மீட்டிங்கில் ஒரு போடு போட்டார். இந்த மாதிரிப் பேச்சு என்றால் எங்கள் மேனேஜர் அப்படியே உருகிவிடுவார். நான் அதைக் குறை என்று பதிவு செய்தேன். ‘வடிவமைப்பு முடிவு’ என்று எழுதி பொத்தானார் அதை மூடினார். மச்சானுக்கு விஷயம் புரியாமல் இல்லை. என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், “அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். அந்த நல்ல குணம் பொத்தானாரின் வயிற்றில் இன்னும் எண்ணெய் ஊற்றியது.

பழைய ஆட்களுக்கு விரல்கள் பழகியிருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. போகப் போக, பொத்தான்களை அழுத்துகிறவர்கள் கூடிக்கொண்டே போவதாக அறிக்கை வந்தது. அவர் மனைவியின் மருத்துவமனையில்தான் அதிகம். மனிதர் அந்த அறிக்கையை அச்செடுத்து, தன் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினார். மச்சானிடம் இரண்டு முறை காட்டினார்.

ஒரு நாள் காலையில் அவர் வந்து உட்கார்ந்த விதமே சரியில்லை. மச்சான் முன்னதாகவே வந்து, துடைத்து எடுத்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தான். பொத்தானார் அந்தப் பக்கம் பார்க்காமல் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது, மனைவி மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவளை டிஸ்சார்ஜ் கவுண்டருக்கு மாற்றியிருந்தார்கள். திரையே வேறு, பொத்தான்களும் வேறு.

“நாள் முழுக்க பட்டன் பட்டனா மவுஸை இழுத்துக்கிட்டே இருக்கேங்க. வரிசையில நிக்கிறவங்க திட்டுறாங்க. முன்ன உங்க பட்டன் மூலையைப் பார்த்துப் பார்த்துத்தானே எல்லா கீயும் கத்துக்கிட்டேன்? தம்பி உள்ள என்ன எழுதினான்னு எனக்கு என்ன தெரியும்? உங்க பட்டன்தான் சொல்லிக் கொடுத்துச்சு. இப்ப அந்த எழுத்தே இல்ல.”

பொத்தானார் வாயைத் திறப்பதற்குள் அவளே மேலே சொன்னாளாம்.

“கீ விஷயம் தம்பியோடது, அவன்தான் எடுத்திருப்பான்னு போன் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அவனும் ‘ஆமாக்கா, என் தப்புதான்’னுட்டான். இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன்.”

“அவன் ஏன் மேடம் ஆமான்னு சொல்லணும்?” என்று என்னிடம் கேட்டார். குரலில் நன்றி கொஞ்சம், எரிச்சல் நிறைய. “இதுலயும் அவன்தான் ஜெயிக்கணுமா?”

“நீங்க உண்மையைச் சொன்னீங்களா இல்லையா?” என்று கத்திவிட்டேன். வராந்தாவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

“சொன்னேன் மேடம். சத்தியமா சொன்னேன். எழுத்தை எடுத்தது நான்தான், அவன் இல்லன்னு சொன்னேன். அவ நம்பலை. சிரிச்சா. ‘பட்டன்ல ஒரு புள்ளி நகர்ந்தாலே தூங்காத மனுஷன் நீங்க, நீங்களா எடுப்பீங்க? அவனைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்காதீங்க’ன்னா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘இவ்வளவு பெரிய மனசுன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சே’ன்னா.”

“அப்புறம்?”

பொத்தானார் தரையைப் பார்த்தார்.

“கேட்க நல்லா இருந்துச்சு மேடம். பேசாம இருந்துட்டேன்.”