கைமடி அக்கா குஸ்தி மேடை ஏறிய நாள்

குஸ்தி பார்க்கப் போக வேண்டும் என்று முதலில் சொன்னது நான் இல்லை. என் மெஷினுக்குக் கைமடியாக இருந்த அக்காதான். நான் தைக்கத் தைக்கத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடித்து அடுக்குவது அவருடைய வேலை. பனியன் கம்பெனியில் அதற்குக் கைமடி என்றுதான் பெயர். எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். கொமரலிங்கத்தில் பிறந்து, பல்லடத்துப் பக்கம் தறி ஓட்டுகிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவர்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கேபிள் டிவி அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. வெளிநாட்டுக் குஸ்தியைப் பார்த்துவிட்டு வந்து ஆண்கள் டீ நேரத்தில் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு திரிவார்கள். அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாப் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். பல்லடம் ரோட்டு மைதானத்தில் குஸ்தி. ஆறேழு ஆண்களின் படங்கள், ஓரத்தில் ஒரு பெண். சிவப்பு உடுப்பு, இடுப்பில் கை. வடநாட்டுப் பெண் சிங்கம் என்று போட்டிருந்தது. மூன்று நாட்களாக அக்கா பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் போவதாக ஏற்பாடு. அக்கா நேராக சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டார்.

“ஏனுங்க, டெம்போவுல எங்களுக்கும் நாலு பேருக்கு எடம் இருக்குமுங்களா?”

அவர் சிரித்தார். “அங்க ஆம்பளைங்க கூட்டமுங்க. கத்துவாங்க, கண்டபடி பேசுவாங்க. உங்களுக்கெல்லாம் சரிப்பட்டு வராதுங்க.”

“நாங்களும் கத்துவமுங்க.”

“இல்லீங்க. நாளைக்கு யாராச்சும் ஒண்ணு சொன்னா நாந்தான் பதில் சொல்லோணும்.”

அக்கா திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, எதுவும் நடக்காதது போல பீஸை மடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ஞாயித்துக்கெழம மத்தியானம் பஸ் ஸ்டாப்புக்கு வந்துரு கண்ணு” என்றார்.

“எக்கா, அவருதான் வேண்டாம்னுட்டாரே?”

“டெம்போவுல வேண்டாமுன்னாரு. பஸ்ஸு அவரோடதா?”

செக்கிங்கில் இருந்த இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் நான்கு பேரும் இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினோம். வாசலில் சீட்டு கிழிப்பவர், “குடும்பத்தோட வரலீங்களா?” என்று எங்களுக்குப் பின்னால் ஆள் தேடினார். “நாங்க நாலு பேருந்தான் குடும்பமுங்க” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே நடந்தார். பெண்களுக்கென்று தனி இடம் எதுவும் இல்லை. எங்களை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல், கடைசியில் மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்கள். எங்கள் கம்பெனி ஆண்கள் எதிர்ப்புறம் நடுவில் இருந்தார்கள். சூப்பர்வைசர் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிவியில் பார்த்ததற்கும் நேரில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் அந்தச் சத்தம்தான். மேடை வெறும் பலகை. மேலே மெத்தையும் தார்ப்பாயும் விரித்திருந்தார்கள். ஒரு ஆள் விழுந்தால் நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிரும். முதல் சண்டையில் நான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது சண்டையில் ஒன்றைக் கவனித்தேன். அறைகிறவன் ஒரு கையால் அறையும்போது மறு கையால் தன் தொடையில் தட்டிக்கொள்கிறான். சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

“எக்கா, இது நடிப்புக்கா.”

“நடிப்போ என்னமோ. அத்தன ஒசரத்துல இருந்து உளுகறானல்லோ, அது நெசந்தானே?” என்றார் அக்கா. அவர் ஒருமுறைகூடக் கண்ணை மூடவில்லை.

பிறகு அந்தப் பெண் வந்தார். போஸ்டரில் இருந்ததைவிட வயது கூடத் தெரிந்தது. தோள்கள் அகலம். ஒரு ஆண் குஸ்திக்காரரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கயிற்றில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். மைக்கில் அறிவிப்பவர் கூட்டத்தைப் பார்த்து, “திருப்பூர்ல ஒரு பொம்பளை இருக்காங்களா? முதல் மணிக்கும் ரெண்டாவது மணிக்கும் நடுவுல இவங்ககிட்ட விழாம நிக்கணும். நின்னா பரிசு!” என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து தினமும் சொல்கிற வரி அது. அந்தப் பெண்ணும் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கத் தயாரானார்.

அக்கா எழுந்தார்.

நான் அவர் முந்தானையைப் பிடித்தேன். “எக்கா, வேண்டாங்க்கா. கை கால் போச்சுன்னா?”

“நிக்கத்தான சொல்றாங்க. தினமும் நின்னுட்டுத்தான இருக்கறன்” என்று என் கையை மெல்ல விலக்கினார்.

மைக்குக்காரர் திகைத்துப்போனார். ஆனால் கூட்டம் போட்ட சத்தத்தில் அவரால் மறுக்க முடியவில்லை. திரைக்குப் பின்னால் ஒரு டீ-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் கொடுத்தார்கள். அக்கா வளையல்களைக் கழற்றி என்னிடம் தந்தார். தாலியை உள்ளே விட்டு ஊக்கு குத்திக்கொண்டார். டீ-ஷர்ட்டைப் போடும் முன் திருப்பிப் பார்த்து, “சோல்டர்ல தையல் உட்டுருக்குது” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மேடை மூலையில் துண்டும் தண்ணீரும் வைத்துக்கொண்டு ஒரு ஆள் நிற்க வேண்டுமாம். அது நான்தான்.

மணி அடித்தது. அந்தப் பெண் அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தார். அக்கா குனிந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான், விடவில்லை. இரண்டு பேரும் கயிற்றோரமாக என் தலைக்கு மேலேயே வந்துவிட்டதால் பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“விழு. அடி இல்ல. விழு” என்றார் அந்தப் பெண் மெதுவாக. அதில் கோபமில்லை, வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்பது போல இருந்தது.

“உளுகமாட்டனுங்க.”

“விடு!”

“உடமாட்டனுங்க. நீங்க வேணும்னா தள்ளிப் பாருங்க.”

ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டும் மரியாதையை விடவில்லை அக்கா. அந்தப் பெண் ஒரு நொடி முகம் மாறி, பிறகு நிஜமாகவே தள்ளத் தொடங்கினார். அதுவரை பார்த்த சண்டைகளில் இருந்த தொடைத் தட்டல் எதுவும் இப்போது இல்லை. மூச்சிரைப்பும் பலகையில் கால் தேய்கிற சத்தமும்தான். அக்காவின் இடது தோள் கயிற்றில் மோதியது. முகம் சுருங்கியது. பிடி தளரவில்லை. கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் மைக்குக்காரரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மணி அடிக்கிற சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

“அண்ணாச்சி, மணி அடிங்க!” என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. எதிர்ப்புறத்திலிருந்து, “டைம் ஆயிருச்சுங்க! மணி அடிங்க!” என்று ஒரு குரல். எங்கள் சூப்பர்வைசர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். மைதானம் முழுக்க மணி, மணி என்று கத்தியது. அந்த ஆள் அசையவில்லை.

ஊரில் யாரிடமும் குரல் உயர்த்தியறியாதவள் நான். துண்டைக் கீழே போட்டுவிட்டு மேடையைச் சுற்றி ஓடினேன். அவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி மணியில் ஓங்கி அடித்தேன்.

மணிச் சத்தம் கேட்டதும் அந்தப் பெண் பழக்கத்தில் கையை விட்டுவிட்டார். அக்கா நடு மேடையில் தள்ளாடினார், ஆனால் நின்றுகொண்டிருந்தார். மைதானம் எழுந்து ஆடியது. தொப்பிகளும் துண்டுகளும் பறந்தன.

“செல்லாது! வெளியாள் அடிச்ச மணி செல்லாது!” என்று மைக் அலறியது. எங்கோ நாற்காலி உடைகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கூட்டம் மேடைமேல் ஏறியிருக்கும். அக்கா கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார். பிறகு மைக்குக்காரரிடம் போனார்.

“நெசத்தச் சொல்லுங்க. நேரம் ஆயிருச்சுங்களா, இல்லீங்களா?”

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்துச்சும்மா.”

“அப்ப அந்தப் பாக்கியையும் நிக்கறனுங்க.”

“எக்கா, பொய் சொல்றாருக்கா!” என்று நான் கத்தினேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடு மேடைக்குப் போய்க் காலை அகட்டி நின்றார்.

மறுபடி மணி. இந்த முறை அந்தப் பெண் இடுப்பைக் கொடுக்கவில்லை. ஒரு அடி விலகி, அக்காவின் கையைப் பிடித்துச் சுழற்றி, காலுக்கு நடுவே தன் காலை விட்டு ஒரு இழுப்பு. அக்கா மல்லாந்து விழுந்தார். பலகை அதிர்ந்த அதிர்ச்சி என் பல்லில் தெரிந்தது. வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்த அக்கா சிரிக்கத் தொடங்கினார். அந்தப் பெண் குனிந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கூட்டம் கைதட்டியது. யாருக்காகத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் கலைந்ததும், வெளிச்சம் மங்குவதற்கு முன்பே, அந்தப் பெண் ஆள் அனுப்பி எங்களைக் கூடாரத்துக்குப் பின்னால் கூப்பிட்டார். நைட்டி போட்டுக்கொண்டு ஸ்டவ்வில் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார். அக்காவை ஒரு பெட்டி மேல் உட்கார வைத்து, எண்ணெய் தொட்டு இடது தோளை அழுத்தினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் இருந்தார்.

“ஏனுங்க, கடைசியில என்னைய எப்பிடித் தள்ளுனீங்க?”

அவருக்குப் புரிந்தது. அக்காவை எழுப்பி நிறுத்தி, கால்களுக்கு நடுவே தன் காலை விட்டுக் காட்டினார். இரண்டு காலும் ஒரே வரிசையில் இருந்தால் விழுவாய், ஒன்றைப் பின்னால் வை என்று பாதித் தமிழிலும் பாதிக் கையாலும் சொன்னார். அக்கா வைத்துக் காட்டினார். அவர் தள்ளினார். அக்கா அசையவில்லை. “அச்சா” என்று அவர் முதுகில் தட்டினார். சப்பாத்தியை நான்காகக் கிழித்து எங்களுக்குக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வளையல்களைக் கொடுத்தேன். இடது கை வீங்கியிருந்ததால் ஏறவில்லை.

“நீ மணி அடிச்சிருக்கக் கூடாது கண்ணு.”

“நேரம் ஆயிட்டுதுக்கா. அந்தாளு ஏமாத்துனான்.”

“ஏமாத்துனா அவன் ஏமாத்தட்டும். நான் இன்னுங் கொஞ்சம் நின்னிருப்பன்.”

“தோள் போயிருக்கும்.”

“போனாப் போகுது. நின்னன்னு இருந்திருக்குமல்லோ.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. முன் சீட்டில் இருந்த செக்கிங் பெண்கள் இரண்டு பேரும் திரும்பி உட்கார்ந்து, ஒருத்தி என் பக்கம், ஒருத்தி அவர் பக்கம் என்று பிரிந்துகொண்டு சண்டை போட்டார்கள். கண்டக்டர் வந்து விசாரித்து, முழுக் கதையும் கேட்டுவிட்டு, டிக்கெட் கொடுக்க மறந்து நின்றார்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். இடது கையைத் தூக்க முடியவில்லை. லீவு எடுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. வலது கையால் பீஸை எடுத்துக் கொடுத்தார். மடிக்கிற வேலையை ஒவ்வொரு பத்துப் பீஸுக்கும் நான் மெஷினை நிறுத்திவிட்டுச் செய்தேன். சூப்பர்வைசர் அந்த வழியாக வந்து எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் மெஷின் ஏன் நிற்கிறது என்று கேட்கவில்லை. “வலி எப்பிடீங்க இருக்குது?” என்று கேட்டார்.

“பரவாயில்லீங்க” என்றார் அக்கா. “துணிக்கட்டு இன்னும் ரெண்டு அங்க இருக்குது, அத எம்பக்கமாப் போடச் சொல்லுங்க.”

அந்தத் தோள் குணமாக ஒரு மழைக்காலம் பிடித்தது.