தேதி போட்ட டம்ளர்

சிறு வியாபாரிகள் சங்கத்தில் தையல் கடை அக்காவுக்குக் கூட்டம் முடிந்த பிறகுதான் வேலை, இடத்தைச் சுத்தம் செய்வது. வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களில் ஊறிக் கிடக்கும் பிஸ்கட்டையும் பல்குச்சியையும் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். அந்த அருவருப்பில்தான், "சில்வர் டம்ளர் வாங்கிட்டா செலவும் மிச்சம், குப்பையும் சேராது" என்று ஒற்றைக்காலில் நின்று வாங்க வைத்தாள். தலைவர் சும்மா இருப்பாரா? தன் பெயரையும் கூட்டத் தேதியையும் ஒவ்வொன்றிலும் பொறிக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் டம்ளர்களைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி மேசையில் அடுக்கினாள். தலைவர் ஒன்றை எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னக்கா இது, போன கூட்டத்துத் தேதி போட்டிருக்கு! வந்தவங்க என்ன நினைப்பாங்க? இதையெல்லாம் பரண்ல போட்டுட்டு புதுசுக்குச் சொல்லிடலாம். இன்னைக்குப் பாட்டிலையே குடுங்க."

ஒரு பாட்டிலைத் திருகித் திறந்து, ஒரு வாய் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" என்று மைக்கில் பேச ஆரம்பித்தார்.

 அக்கா நேரே போய் அந்தப் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயும் தேதி போட்டிருக்கு தலைவரே. டம்ளரைவிட இது பழசு. துப்பிடுங்க."