சாணக் குழியில் இறங்கியவர்

நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் பால் ஊற்றிய குடும்பம் எங்களுடையது. சாணத்தைக் குவித்துப் போட்டால் அதிலிருந்து கிளம்பும் வாயு வெயிலை இன்னும் கூட்டுகிறது, அதையே பிடித்து அடுப்பெரியுங்கள் என்று பால் சொசைட்டிக் கூட்டத்தில் சொன்னார்கள். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த என் கணவருக்கு மாடு விஷயத்தில் எதையும் செய்து பார்த்துவிட வேண்டும். தொழுவத்துக்குப் பின்னால் கிணறு மாதிரி ஒரு சாண எரிவாயுத் தொட்டி கட்டினோம். அடுப்பு நீலமாக எரிந்தது. வாயு போக மிஞ்சிய கரைசல் தீவனப்புல்லுக்குப் பாய்ந்தது.

ஒரு மழைக்காலத்தில் அடுப்பு மங்கிப்போனது. அடியில் மண் சேர்ந்திருக்கும் என்றார் அவர். கரைசலை மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, காலையில் மூடியைத் திறந்து ஏணியை இறக்கினார். அழுகிய முட்டை நாற்றம். உள்ளே வாயு தங்கியிருக்கும், யாரும் இறங்கக் கூடாது என்று தொட்டியைக் கட்டிய மேஸ்திரி சொல்லியிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஏங்க, வேணாங்க. மேஸ்திரிய வரச்சொல்லுவோம்."

"காலியாத்தான கெடக்குது? ஒன்னும் ஆவாது, வுடு."

கேட்கமாட்டார் என்று தெரிந்ததும், மாடு கட்டும் கயிற்றை எடுத்துவந்து அவர் மார்பைச் சுற்றிக் கட்டினேன். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் கொடுத்தார். மறுமுனையை அவர் தம்பி பிடித்துக்கொண்டார்.

தலை உள்ளே மறைந்தது. "அந்த மம்புட்டிய..." என்றவரின் குரல் பாதியில் நின்றது. கயிறு விறைத்தது. எட்டிப் பார்த்தேன். தலை தொங்கிக் கிடந்தது.

"அண்ணே!" தம்பி கயிற்றைத் தொழுவத்துத் தூணில் சுற்றிவிட்டு ஏணியில் கால் வைத்தார். நான் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"எறங்காத தம்பி! நீயும் வுழுந்துடுவ! மேல இருந்தே இழு!"

"எங்கண்ணன் செத்துகினு இருக்கான், வுடுங்க அண்ணி!"

சட்டை கிழிந்தது. காப்பாற்றப் போகிறவரைத் தடுத்து என் புருஷனை நானே கொல்கிறேனோ என்று பயந்தேன். ஆனாலும் பிடியை விடவில்லை. கடைசியில் தம்பி திரும்பிக் கயிற்றைப் பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரரும் ஓடிவந்தார். மூன்று பேரும் இழுத்தோம்.

வெளியே வந்த முகம் கறுத்திருந்தது. மூச்சு இல்லை. பேர் சொல்லாமல் வாழ்ந்த நான் பேர் சொல்லிக் கத்தினேன், கன்னத்தில் அறைந்தேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். இருமினார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்து, "நான் எப்ப எறங்குனேன்?" என்று கேட்டார். தொட்டிக்குள் போனதே அவருக்கு நினைவில்லை.

பிறகு மேஸ்திரி ஆட்களோடு வந்தார். யாரும் இறங்காமல், மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கலக்கி இறைத்தார்கள். தொட்டியின் வாய்க்கு இரும்புக் கம்பி போட்டுப் பூட்டச் சொன்னேன். மறுபடி வாயு வந்த பிறகும் பல நாள் முந்திரி விறகில்தான் சமைத்தேன். வாயு வீணாகக் காற்றில் போகிறதே என்று அவர் முணுமுணுத்தார். ஒருநாள் வாயு அடுப்பைத் திருகித் தீக்குச்சி கிழித்தேன். எரிந்தது.

இப்போதும் அவர் தொழுவப் பக்கம் போய் நேரமானால் நான் கூப்பிடுவேன். "இங்கதான் இருக்கேன்" என்று சலிப்பாகக் கத்துவார். அது காதில் விழுந்தால்தான் எனக்கு வேலை ஓடும்.